சம்பந்தி அம்மாவின் காயில்

மார்ச் 4

சம்பந்தி அம்மாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் காயில் விஷயம்.

நேற்று மெட்டல் டிடெக்டர் பையைப் பிரித்தேன். மண்மேல் ஆட்டித் தேடுகிற என்னுடைய ஆறு அங்குல வட்டக் காயில் இருக்க வேண்டிய இடத்தில் உங்களுடைய பதினைந்து அங்குலக் காயில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நம் இரண்டு பேருடைய பைகளையும் கட்டியது உங்கள் மாப்பிள்ளை. மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்கப் பயந்து, கிடந்ததையெல்லாம் கைக்கு வந்தபடி திணித்திருக்கிறான். கேட்டால், "ரெண்டும் வட்டமாத்தானேம்மா இருந்துச்சு" என்கிறான். பெற்றவள் பல்செட் செய்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினால் வாய் மூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை.

மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். குழந்தை பிறப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. நிலத்தின் எல்லையைக் காட்டப் பின்மூலையில் புதைத்த இரும்புக் கம்பி கிடைத்தால்தான் கட்ட முடியும். பழைய பத்திரப்படி அது இப்போதைய வேலிக்கு இரண்டடி அப்பால் இருக்க வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதி சர்வேயர் வருகிறார். அதற்குள் கம்பியைக் காட்டாவிட்டால் வேலிதான் எல்லை என்று எழுதிவிடுவார். அப்புறம் அறை கிடையாது. குடும்பத்தில் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று நம்மைக் கூப்பிட்டார்கள்.

அது ஒரு காலத்தில் மரப்பட்டறை இருந்த மண். ஒரு பிடி அள்ளினால் நாலு ஆணி. உங்கள் பெரிய காயில் அத்தனை ஆணியையும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு ஓயாமல் அலறியது. என்னுடைய சின்னக் காயில் ஒவ்வோர் ஆணியையும் தனியாகச் சொல்லும். ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம் என்றேன். நீங்கள் எல்லார் முன்னாலும், "பல்லைப் பிடுங்குற மாதிரி ஒண்ணொண்ணா பிடுங்கிட்டிருந்தா, மிச்சத்தைப் பேரப்பிள்ளை வந்து தோண்டிக்கும்" என்றீர்கள். நான் பதிலுக்கு, "பஸ் ஓட்டுற மாதிரி தேடினா, வழியில நிக்கிறவங்க நின்னுட்டே இருக்க வேண்டியதுதான்" என்றேன். அது அதிகம்தான். ஆனால் அதற்குப் பிறகு, "யாருக்கோ வரப்போற ரூமுக்கு நான் ஏன் இடுப்பை ஒடிச்சுக்கணும்" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனீர்களே, அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

என் காயிலைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். உங்களுடையதை எப்படி அனுப்புவது என்றும் சொல்லுங்கள். இந்த வீட்டில் உள்ள எந்தப் பெட்டியிலும் அது அடங்கவில்லை.

இடுப்பு வலி தேவலையா?

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 10

சம்பந்திக்கு,

வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஓட்டாதபோது எடுக்காதது என் கோபம். இரண்டையும் கூட்டினால் நாள் முழுவதும் போய்விட்டது. மன்னிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கடைசி நிறுத்தத்தில் ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். அடுத்த டிரிப்புக்குப் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அது என் கையெழுத்து. வண்டி அசையவில்லை.

உங்கள் காயில் என் ப்ரிட்ஜ் தலையில் பால் பாத்திரத்து மூடி மாதிரி கிடக்கிறது. அனுப்பத்தான் பார்த்தேன். பார்சல் எடுக்கிற இடத்தில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். சொன்னேன். "வட்டமா இருக்கு, வயர் வேற தொங்குது. நான் தொட மாட்டேன்மா" என்றுவிட்டார். விளக்கம் சொல்லச் சொல்ல அவர் நாற்காலி பின்னால் பின்னால் போனது. அதனால் காயில் இப்போதைக்கு என்னிடம்தான்.

ஆனால் ஒன்று. பெரிய காயிலைப் பழிக்காதீர்கள். எங்கள் ரூட் கடற்கரையில் முடிகிறது. குளிக்க வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டு என் பஸ்ஸில்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களுக்காகத்தான் டிடெக்டரே வாங்கினேன். மணலில் ஆணி கிடையாது. அகலமும் ஆழமும்தான் உண்டு. ஒரு வீச்சில் ஒரு பாய் அகலத்தைப் பார்த்துவிடும். ஒரு சாணுக்குக் கீழே போன கைக்கடிகாரம் மட்டும் இதுவரை ஐந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் குட்டிக் காயிலை வைத்துக்கொண்டு அந்த மணலைப் பார்க்கக் கிளம்பினால், ஒரு பக்கம் முடிப்பதற்குள் அலை மறுபக்கத்தை மாற்றிவிடும்.

இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் ஆணி எண்ணிக்கொண்டிருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள். அந்த மூலையில் மரத்தூளும் செங்கல் துண்டும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். கம்பி கீழே எங்கேயோ இருக்கிறது. ஒரு சாணுக்கு மேல் காது கேட்காத உங்கள் காயிலுக்கு அது எப்படிக் கேட்கும்?

யாருக்கோ வரப்போற ரூம் என்று நான் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை. உங்களுக்குத் தெரியாததா?

காயில்கள் கை மாறும்வரைக்கும் என் காயிலை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். கையால் ஆட்டாதீர்கள், தோள் போய்விடும். இடுப்போடு சேர்ந்து திரும்புங்கள். அவசரம் வேண்டாம்.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

மருமகளின் அம்மா


மார்ச் 18

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்ததால்தான் பயன்படுத்தினேன். எழுதாவிட்டால் உறையைக் கூடக் கழற்றியிருக்க மாட்டேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல்செட் செய்கிற எங்கள் லேபுக்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. இப்போது யாரும் விளையாடுவதில்லை, புல் முழங்கால் உயரம். காவலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வேலை முடிந்து போனேன். முதல் அரைமணி நேரம் உங்களைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எத்தனை கனம். நான் முப்பது வருஷமாக மெழுகில் பல் செதுக்குகிறவள். என் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவியே பேனா அளவுதான். சின்னக் காயிலை நான் பிடித்துக்கொண்ட கதையும் அதுதான். ஒருநாள் லேபில் பல்லுக்கு மாட்டுகிற ஒரு தங்கக் கேப் குப்பையோடு போய்விட்டது. எங்கள் தோட்டக்காரர் அந்தக் குப்பையைப் பூச்செடிக்கு உரம் என்று போட்டுவிட்டார். டப்பா மூடியும் கம்பித் துண்டுமாகக் கிடந்த அந்தப் பாத்தியில், ஆறு அங்குலக் காயில்தான் அரிசி அளவு தங்கத்தைத் தனியே பிரித்துச் சொன்னது. அன்றைக்கு எடுத்த முடிவு அது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கோல் போஸ்ட் பக்கத்தில் ஹெட்போனில் ஒரு சத்தம். சத்தம் என்று கூடச் சொல்ல முடியாது. தூரத்தில் யாரோ தொண்டையைக் கனைக்கிற மாதிரி, அகலமாக, மெதுவாக. சின்னக் காயில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தோண்டினேன். ஒரு சாண், ஒன்றும் இல்லை. ஒரு முழம், ஒன்றும் இல்லை. காவலாளி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, எதையாவது புதைக்கப் போறீங்களா, எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கடப்பாரை எதிலோ மோதியது. கைப்பிடி. அப்புறம் மணி. அப்புறம் சக்கரம். சம்பந்தி அம்மா, அது ஒரு முழு சைக்கிள்.

காவலாளி ஓடிப்போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். மண்ணைத் தட்டிவிட்டு ஒருவர் மணியை அழுத்திப் பார்த்தார். அடித்தது. நான் குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தேன். ஐம்பத்தெட்டு வயதில், சேறு ஒட்டிய முகத்தோடு. கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். பிடிபடவில்லை.

உங்கள் காயிலுக்குக் காது ஆழம். இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன்.

ஆனால் ஆணி மண்ணில் அது அலறுவதும் உண்மைதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தோள் வலிக்கிறது. இடுப்போடு திரும்ப மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 26

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை டிப்போவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சைக்கிள் வரும் இடத்தில் மெக்கானிக் டீயைத் துப்பிவிட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. ப்ரிட்ஜ் மேலிருந்து உங்கள் காயிலை இறக்கி மாட்டினேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. எங்கே போவது? கடற்கரைக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் மீனே சிரிக்கும். அப்போதுதான் கடைசி நிறுத்தத்து நிழற்குடை ஞாபகம் வந்தது. அதற்குள் எல்லாம் இரும்பு பெஞ்சு, இரும்புத் தூண். பத்தடி தூரத்திலேயே என் பெரிய காயில் கத்தத் தொடங்கிவிடும். அதனால் ஒருநாளும் அங்கே தேடியதில்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மனுஷர்கள் அங்கேதானே உட்கார்ந்து எதையாவது கீழே விடுவார்கள்.

பெஞ்சின் காலுக்கும் காலுக்கும் நடுவில் உங்கள் காயிலை நுழைத்தேன். தூணுக்கு நாலு விரல் தள்ளி வைத்தாலும் தூணைக் கண்டுகொள்ளாமல் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னது. சோடா மூடிகள், ஒரு கதவுச் சாவி, உடைந்த குடைக் கம்பி. அப்புறம் சின்னதாக, தெளிவாக ஒரு சத்தம். கரண்டியால் கிளறினேன். ஒற்றைக் கம்மல். பச்சைக் கல்.

என்னோடு வருகிற கண்டக்டர் பெண் இரண்டு வருஷத்துக்கு முன்பு தொலைத்த கம்மல் அது. அவள் அம்மா போட்டுக்கொண்டிருந்தது. ஜோடியில் மிச்சம் இருந்த ஒன்றை அவள் இன்னும் பர்ஸில் வைத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பர்ஸிலிருந்த மற்றதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அந்த டிரிப் முழுவதும் யாருக்கும் விசில் ஊத மறந்துவிட்டாள். நானே நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் பார்த்துப் பார்த்து நிறுத்தினேன். நிற்கிற ஒருத்தரைக் கூட விடவில்லை, சம்பந்தி.

இவ்வளவு எழுதிய பிறகு அந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டே ஸ்டியரிங் பிடிக்க முடியவில்லை.

அன்றைக்குக் காலையில் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். சமையல்கட்டில் என் மகள் அவள் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அந்த ரூம் அத்தைக்குத்தான்டி. குழந்தை பொறந்ததும் அத்தை வந்து இருந்தாப் போதும் எனக்கு" என்றாள். அத்தை என்றால் நீங்கள். நான் அவளை ஒற்றை ஆளாக வளர்த்தவள். காலை ஷிப்டுக்குப் போகும்போது தூங்குகிற பிள்ளையை டிப்போ ஓய்வறையில் படுக்க வைத்துவிட்டு வண்டி எடுத்தவள். அவளுக்கு நான் வேண்டாமாம், நீங்கள் போதுமாம். தப்பு அவளுடையது இல்லை. எனக்கு ஷிப்ட், உங்களுக்கு நேரம் தவறாத வேலை, பொறுமையான கை. எல்லாம் புரிகிறது. புரிந்தும் வலித்தது. அதனால்தான் மண்வெட்டியைப் போட்டேன். உங்கள் ரூமுக்கு நான் தோண்டிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எனக்கு ஆணி பிடுங்கச் சொல்லித்தருகிறீர்கள் என்று ஆத்திரம்.

நீங்கள் அங்கே போய் இருங்கள். நான் முழு மனசோடுதான் சொல்கிறேன். கம்பியை எடுப்பதற்கு நானும் வருவேன்.

மருமகளின் அம்மா


மார்ச் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டேன். அது கல்லாகிவிட்டது. போகட்டும்.

நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே காலை. நீங்கள் சமையல்கட்டில் கேட்டீர்கள். நான் வாசலில் கேட்டேன். என் மகன் கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ரூம் அத்தைக்குங்க. பஸ் ஓட்டி ஓட்டி அலைஞ்சது போதும், அவங்க இங்க வந்து கொஞ்சம் காலை நீட்டட்டும்." அவனுக்கு அத்தை என்றால் நீங்கள்.

நானும் ஒற்றை ஆளாகத்தான் அவனை வளர்த்தேன். அன்று முழுவதும் நான் ஆணி எடுத்துக்கொண்டிருந்தது உங்கள் அறைக்கு என்று நினைத்துத்தான். உங்களுக்காக இவ்வளவு குனிகிறேனே, நீங்கள் பெரிய காயிலை வீசிக்கொண்டு ஒய்யாரமாக நடக்கிறீர்களே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். நீங்கள் யாருக்கோ வரப்போற ரூம் என்றதும், கொடுத்ததையும் மதிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு பேரையும் ஒரே போனில் பிடித்துக் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கவே இல்லையா?"

"பேசினோமேம்மா. ரூம் யாருக்குன்னு கேட்டா. அத்தைக்குன்னேன். அவளும் ஆமா அத்தைக்குத்தான்னா. ஒத்துப்போச்சேன்னு விட்டுட்டேன்."

பின்னாலிருந்து உங்கள் மகள், "ஐயோ அத்தை" என்றாள். பிறகு இரண்டு பக்கமும் சிரிப்புதான். நான் சிரித்ததில் லேபில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உங்கள் மகள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு லீவு கிடைக்காது, கேட்டு அம்மாவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பயந்திருக்கிறாள். என் மகன் என்னைக் கூப்பிடாததும் அதே கதை. நான் லேபை விட்டு வர மாட்டேன் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். கேட்டால் வந்திருப்பேன். நீங்களும் வந்திருப்பீர்கள்.

அறை இரண்டு அத்தைக்கும் பொது. ஆனால் கம்பி இன்னும் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. இருபத்தொரு நாள் மிச்சம். எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. உங்களுக்கு?

இந்தக் கடிதத்தை டிப்போவில் படிக்க அனுமதி உண்டு.

அன்புடன்,
மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 8, பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து

அண்ணிக்கு,

இனிமேல் சம்பந்தி என்று எழுத மாட்டேன். அது ஏதோ ஆபீஸ் முத்திரை மாதிரி இருக்கிறது. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இந்தக் காகிதத்தின் மூலையிலேயே எழுதிவையுங்கள்.

உங்கள் கடிதத்தை சிக்னலில் நின்றபோது பிரித்துவிட்டேன். தப்புதான். பச்சை விழுந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகும் நான் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். டிரைவருக்கு மயக்கம் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

எனக்கு இந்த வாரம் செவ்வாயும் புதனும் ஓய்வு. இரண்டு நாளும் இங்கேதான் இருந்தேன். காயிலைத் திருப்பித் தர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சின்னது இப்போதைக்கு எனக்கு, பெரியது உங்களுக்கு. நான் ஆணி எடுக்கிறேன், நீங்கள் கம்பியைக் கேளுங்கள்.

மூலையில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கயிறு கட்டி ஆறு கட்டம் போட்டேன். மரப்பட்டறை இருந்த காலத்தில் வேலி கிடையாதே, அதனால் ஆணி இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் அடுத்த வீட்டு போட்டோ ஸ்டுடியோக்காரர் நிலம். அவர் முதலில், "வேலி போட்டு இருபது வருஷம் ஆச்சு. இப்ப என்ன புதுசா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஆணியை எடுத்து எடுத்து வாளியில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மத்தியானம் ஒரு முக்காலி கொண்டுவந்து கொடுத்தார். "குனிஞ்சுட்டே இருக்காதீங்க, பாக்கறதுக்கே முதுகு வலிக்குது" என்றார். அவருடைய பூந்தொட்டிகளைத் தள்ளி வைக்கவும் சம்மதித்துவிட்டார்.

உங்கள் மருமகள் குடையும் நாற்காலியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சத்தத்தைக் கேட்டே சொல்லப் பழகிவிட்டாள். "இது வளைஞ்ச ஆணிம்மா. இது திருகாணி." பத்துக்கு ஏழு சரியாக இருந்தது.

இரண்டு வாளி நிறைந்துவிட்டது. ஆறு கட்டத்திலும் இப்போது சின்னக் காயில் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் செய்திருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் நான் ஒரு ஆணியைக் கூட அவசரப்பட்டு விடவில்லை. ஒன்றொன்றாகத்தான் எடுத்தேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

அடுத்த டிரிப் உங்களுடையது.

உங்கள்,
மருமகளின் அம்மா


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

ஆட்சேபம் இல்லை. காகித மூலையில் எழுத மறந்துவிட்டேன், மற்ற வேலை வந்துவிட்டது.

கம்பி கிடைத்ததை உங்கள் மகள் அன்றைக்கே சொல்லியிருப்பாள். ஆனால் அவள் நாற்காலியில் இருந்து பார்த்தாள். ஹெட்போன் என் காதில் இருந்தது. அதனால் நான் சொல்வதுதான் சரியான கதை.

பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு. காலை ஏழு மணி, வெயில் ஏறவில்லை. நீங்கள் கட்டிய கயிறுகளை அவிழ்க்காமல் முதல் கட்டத்தில் பெரிய காயிலை இறக்கினேன். மார்ச் மாதம் அங்கே காதைப் பிளந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது அல்லவா? இப்போது ஒன்றுமே இல்லை. மண் அவ்வளவு அமைதியாக இருந்தது. உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக இருந்திருக்காது. இதை எங்கே வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள்.

முதல் கட்டம் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு இல்லை. இவை பத்திரம் சொன்ன இரண்டடிக்குப் பக்கத்துக் கட்டங்கள். மகன் முகம் வாடிவிட்டது. ஐந்தாவது, பூந்தொட்டிகள் இருந்த இடம். இடுப்போடு திரும்பினேன். அந்தக் கனைப்புச் சத்தம். குறுக்காகப் போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் மறுபடியும். கையைத் தூக்கினேன்.

மகன் தோண்டினான். செங்கல் துண்டு, மரத்தூள், கறுப்பு மண். முழங்கை முழுவதும் உள்ளே போன பிறகு, "அம்மா, ஏதோ வழவழன்னு இருக்கு" என்றான். துடைத்துப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் இரும்புக் கம்பி, அதற்குப் பித்தளைத் தலை, அதன் மேல் எல்லையைக் காட்டும் கூட்டல் குறி. அவன் அந்தக் குழிக்குள் குனிந்து அந்தக் குறியைத் தடவிக்கொண்டே இருந்தான். உங்கள் மகள் நாற்காலியிலிருந்து எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நடுவில் குழந்தை ஓர் உதை விட்டது. என் வயிற்றில் பட்டது, அண்ணி.

ஸ்டுடியோக்காரர் குழியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். "இந்த வேலியை நான்தான் போட்டேன்" என்றார். "கயிறு பிடிக்க அன்னிக்கு ஆள் இல்லை. கண்ணை நம்பிப் போட்டேன்." பிறகு உள்ளே போய்க் கேமராவோடு வந்தார். "ஓரடிக்கு நான் எங்க போய்ச் சண்டை போடறது? எல்லாரும் கிட்ட வாங்க. மண்வெட்டியைக் கீழ வைக்காதீங்க, அது படத்துல இருக்கட்டும்."

உங்களை மூன்று முறை போனில் அழைத்தேன். ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். இந்த முறை நான் தப்பாக நினைக்கவில்லை.

நேற்று சர்வேயர் வந்து அளந்தார். வேலிக்கு அப்பால் நமக்கு இருப்பது இரண்டடி இல்லை, ஓரடி. பத்திரம் எழுதியவரும் கண்ணை நம்பியிருக்கிறார் போலிருக்கிறது. அறை கட்டலாம் என்று கையெழுத்து போட்டுவிட்டார். ஆனால் எட்டடி அகலம் ஏழடி ஆகிவிட்டது. நானே டேப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கட்டில் போட்டால் நடுவில் ஒருத்தர் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். தொட்டிலுக்கு இடமே இல்லை. அதனால் முதல் மாதம் நீங்கள் இருங்கள். அடுத்த மாதம் நான் வருகிறேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்புடன்,
மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

வருத்தம் இல்லை என்று நீங்கள் எழுதிய வரியில் மை அழுத்தமாக விழுந்திருக்கிறது. பேனாவை எவ்வளவு அழுத்தினீர்கள் என்று பின்பக்கம் தடவிப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு மாதம் நான், ஒரு மாதம் நீங்கள் என்றெல்லாம் வேண்டாம். ஷிப்ட் போட்டுக் கொஞ்சுவதற்கு இது டிப்போ இல்லை. ஏழடியில் நடப்பதற்குத்தான் இடம் இல்லை. மேலே காலியாகத்தானே இருக்கிறது? எங்கள் டிப்போ ஓய்வறையில் கட்டில் மேல் கட்டில்தான். கீழே ஒருத்தர், மேலே ஒருத்தர், பக்கத்தில் ஏணி. இருபது வருஷமாக அதில் தூங்கியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அளவெடுக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறார்.

மேல் கட்டில் எனக்கு. உயரத்தில் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். உங்களுக்கு மேலே போனால் தலை சுற்றும் என்று மாப்பிள்ளை சொன்னார்.

லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி, "எதுக்கு இவ்வளவு நாள்?" என்றார். "அத்தையாகிட்டேன், பாட்டியாகப் போறேன்" என்றேன். என்ன புரிந்துகொண்டாரோ, கையெழுத்து போட்டுவிட்டார்.

உங்கள்,
மருமகளின் அம்மா


ஜூன் 25

அண்ணிக்கு,

அறை முடிந்தது. சுவருக்கு வெளிர் மஞ்சள். கட்டிலும் வந்துவிட்டது. ஏணியின் மூன்றாவது படி கொஞ்சம் ஆடுகிறது, ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். மேல் கட்டிலுக்கும் கூரைக்கும் நடுவில் மூன்றடி இரண்டங்குலம். நீங்கள் எழுந்து உட்காரலாம், துள்ளிக் குதிக்க முடியாது.

லேபில் இரண்டு மாதம் லீவு சொல்லிவிட்டேன். என் மேசையைப் பூட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நான் அங்கே போகிறேன். டாக்டர் எந்த நாளும் ஆகலாம் என்கிறார். உங்கள் கடைசி டிரிப் எப்போது? பஸ் நிலையத்துக்கு நானே வந்து நிற்பேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 14, மேல் கட்டிலிலிருந்து, பிற்பகல் மூன்று மணி

அண்ணி,

யாரும் பேசக் கூடாது, பாப்பா தூங்குகிறாள் என்று உத்தரவு போட்டது நீங்கள். அதனால் எழுதிக் கீழே போடுகிறேன். படபடவென்று பிரிக்காதீர்கள்.

இரண்டு மணியிலிருந்து பாப்பா உங்கள் மார்பில்தான் இருக்கிறாள். இங்கிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு காதும் உங்கள் மூக்குக் கண்ணாடியும்தான் தெரிகிறது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன், வேலையே அதுதானே எனக்கு. இப்போது என் முறை.

பதில் எழுதக் கஷ்டப்பட வேண்டாம். மேலே பார்த்துத் தலையை ஆட்டினால் போதும்.

உங்கள் அண்ணி


அதே காகிதத்தின் பின்பக்கம், இடது கையால்

அண்ணி,

தலையை ஆட்ட முடியாது. தாடைக்குக் கீழேதான் அவள் தலை இருக்கிறது. ஆட்டினால் முழித்துக்கொள்வாள்.

மணி மூன்று ஆகவில்லை, இரண்டு ஐம்பத்தாறு. உங்கள் கடிகாரம் வேகம். இன்னும் நாலு நிமிஷம் எனக்குப் பாக்கி இருக்கிறது.

ஆனால் வாயை ஒரு மாதிரிக் கோணி இப்போதுதான் சிரித்தாள். பல் ஒன்று கூட இல்லாத வாய். நான் பார்த்ததிலேயே அழகான வாய். இதை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இறங்கி வாருங்கள். மெதுவாக.